இயற்கைக்கு அப்பால் என்றால் எங்கே?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறிவியலும் மதமும் ஏன் சண்டை போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று இங்கே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: இயற்கைக்கு அப்பாற்பட்டதைப் பற்றி உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல அறிவியலுக்கு வழியில்லை, அது அறிவியலின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. யாரையும் புண்படுத்தாத, நாகரிகமான வரி என்று எழுதும்போது எனக்குள் ஒரு திருப்தி.

என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. போன வருஷம் இடது காலில் ஒரு புண் வந்தது. யாரோ சொல்லி, மந்திரித்து விபூதி கொடுக்கும் ஒருவரிடம் போக ஆரம்பித்தார். போனதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ‘இருபத்தொரு நாளில் ஆறிவிடும், அதுவரை வேறு மருந்து படக்கூடாது’ என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்து நான் போனில் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “ஏன்டா தம்பி, நீதானே எழுதியிருந்தே, அதெல்லாம் சயின்ஸ் பேசுற விஷயமே இல்லைன்னு? அப்புறம் எதை வெச்சு என்னைத் திட்டுறே?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனைக்கும் அவர் என் வரியைத் திரிக்கவில்லை. நான் எழுதியதை எழுதியபடியேதான் எடுத்துக்கொண்டார். அப்படியானால் கோளாறு வரியில்தான் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தேடிப் படித்ததன் தொகுப்புதான் இந்தக் குறிப்பு. என் பழைய கட்டுரைக்கு நானே எழுதும் விமர்சனம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

டோவர் வழக்கு

அந்த வரி என் சொந்தச் சரக்கு கிடையாது. அதை நான் எடுத்துக்கொண்டது ஒரு நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊர்ப் பள்ளி வாரியம் 2004 அக்டோபரில் ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசித்துக் காட்டப்பட வேண்டும்: டார்வினின் கோட்பாட்டில் இடைவெளிகள் உண்டு, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று வேறொரு விளக்கம் இருக்கிறது, வேண்டுமென்றால் அதற்கான புத்தகம் பள்ளியிலேயே கிடைக்கும். உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்ததால் நிர்வாகிகள் வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பதினோரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு வழங்கினார். பள்ளி வாரியம் தோற்றது.

அறிவார்ந்த வடிவமைப்பு ஏன் அறிவியல் ஆகாது என்பதற்குத் தீர்ப்பு மூன்று காரணங்கள் சொல்கிறது. முதலாவது, அது இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணங்களை உள்ளே விடுகிறது. அது பல நூற்றாண்டுகளாக அறிவியல் கடைப்பிடிக்கும் அடிப்படை விதிக்கு மாறானது. இரண்டாவது, ‘பரிணாமம் தவறென்றால் வடிவமைப்புதான் சரி’ என்று செயற்கையாக இரண்டே வழிகளை மட்டும் காட்டுகிறது. மூன்றாவது, பரிணாமத்துக்கு எதிராக அது வைக்கும் வாதங்களை விஞ்ஞானிகள் ஏற்கெனவே முறியடித்துவிட்டார்கள்.

முதல் காரணத்துக்குத் தத்துவப் பின்புலம் கொடுத்தவர்களில் ஒருவர், பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்ன தத்துவவாதி ராபர்ட் பென்னாக். அவர் வாதத்தைச் சுருக்கினால்: இயற்கை விதிக்குக் கட்டுப்படாத ஒன்று எந்த விளைவை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். எந்த விளைவு வந்தாலும் அதற்குப் பொருந்தும் என்றால் அதைச் சோதிப்பது எப்படி? ஆகவே அறிவியல் அதைத் தொடாமல் ஒதுங்கி நிற்கிறது. கடவுள் இல்லை என்று சொல்வதற்காக அல்ல, வேலை செய்யும் முறையாக. இதற்கு ‘முறையியல் இயற்கைவாதம்’ என்று பெயர்.

முதல் தடவை படித்தபோது இது எவ்வளவு சுத்தமான தீர்வு என்று நினைத்தேன். நடுவில் ஒரு வேலி. இந்தப் பக்கம் அறிவியல், அந்தப் பக்கம் நம்பிக்கை. யாருக்கும் யார் மேலும் புகார் இல்லை.

இப்போது திரும்பப் படித்தால் முதல் காரணமும் மூன்றாவது காரணமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. சோதிக்கவே முடியாது என்பது ஒன்று. சோதித்தாயிற்று, தோற்றுவிட்டது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கருத்தைப் பற்றி எப்படிச் சொல்வது?

வழக்கில் நடந்ததையே பாருங்கள். பாக்டீரியாவின் கசையிழை ஒரு பாகத்தை எடுத்தாலும் நின்றுபோகும் இயந்திரம், அதனால் அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்பது வாரியத் தரப்பு நிபுணர் மைக்கேல் பீஹியின் வாதம். அந்தக் கசையிழையின் பாகங்களில் ஒரு பகுதியை ஒத்த அமைப்பு, வேறு பாக்டீரியாக்களில் நஞ்சைச் செலுத்தும் ஊசி மாதிரி தனியாகவே வேலை செய்கிறது என்று எதிர்த்தரப்பில் உயிரியலாளர் கென்னத் மில்லர் காட்டினார். இது சோதனை இல்லையென்றால் வேறு எது சோதனை?

இந்தக் குறையை முதலில் கண்டவன் நான் இல்லை. 1982இல் ஆர்கன்சா மாநிலத்தில் இதே மாதிரி ஒரு வழக்கில், ‘படைப்பு அறிவியல்’ பொய்ப்பிக்க முடியாதது, அதனால் அறிவியல் அல்ல என்று தீர்ப்பு வந்தது. தத்துவவாதி லாரி லாடன் அப்போதே கண்டித்து எழுதினார். பூமி சில ஆயிரம் வருஷத்துக்கு முன்தான் உண்டானது என்பது நன்றாகவே சோதிக்கக்கூடிய கூற்று, சோதித்துப் பொய் என்று தெரிந்துவிட்டது, அதைப் போய்ச் சோதிக்க முடியாதது என்று சொன்னால் அதற்கு நாமே பாதுகாப்புக் கொடுத்த மாதிரி ஆகாதா என்பது அவர் கவலை. என் பெரியப்பா விஷயத்தில் நான் செய்ததும் அச்சு அசலாக அதேதான்.

வேலியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வடிவமைத்தவர் கடவுளாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லையே, வேற்றுக்கிரகவாசியாகக்கூட இருக்கலாமே என்பது வடிவமைப்புக்காரர்களின் வழக்கமான சமாளிப்பு. நீதிபதி அதை நம்பவில்லை, அது சரிதான். ஆனாலும் ஒரு பேச்சுக்கு, நிஜமாகவே வேற்றுக்கிரகவாசி என்று வைத்துக்கொள்வோம். அவர் இயற்கைக்கு உட்பட்டவர். இப்போது அந்தக் கோட்பாடு அறிவியல் ஆகிவிடுமா? எப்போது வந்தார், எதைக் கொண்டு செய்தார், எதைச் செய்ய அவரால் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லாதவரை அது முன்பு இருந்த அதே வெறுமையில்தான் இருக்கும். ஆக, கோளாறு இயற்கைக்கு அப்பாற்பட்டதாக இருப்பதில் இல்லை. எதையும் விலக்காமல் இருப்பதில்தான் கோளாறு.

பென்னாக்கின் வாதத்தையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். எதையும் செய்யக்கூடிய, ஏன் செய்கிறது என்று ஊகிக்கவும் முடியாத ஒன்றைச் சோதிக்க முடியாது என்பது உண்மை. அதற்குக் காரணம் ‘எதையும்’ என்ற சொல். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மட்டும் மூன்று தடவை கதவைத் தட்டும் பேய் என்று யாராவது சொன்னால், ஒரு கேமராவும் கொஞ்சம் தைரியமும் இருந்தால் ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம்.

மூன்று வரையறைகள்

சரி, ‘இயற்கைக்கு அப்பாற்பட்டது’ என்றால் என்ன என்று ஒழுங்காக வரையறுத்துவிட்டால் வேலியைச் சரியான இடத்தில் ஊன்றிவிடலாம் இல்லையா? மதத் தத்துவத்தில் இதற்குப் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. நான் படித்ததில் முக்கியமான மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, விதியை மீறுவது. டேவிட் ஹ்யூம் 1748இல் அற்புதத்தை இயற்கை விதியின் மீறல் என்று வரையறுத்தார். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இயற்கை விதி என்பது எப்போதும் நடப்பதைச் சொல்வது என்றால், ஒரு தடவை நடக்காமல் போனாலே அது விதி இல்லை என்றுதானே ஆகும்? இடமும் வலமும் இயற்கைக்கு ஒன்றுதான் என்பது இயற்பியலில் நெடுநாள் விதியாக இருந்தது. 1956-57இல் சியென்-ஷியுங் வூ கோபால்ட்-60 அணுக்களை வைத்துச் சோதித்தபோது, அணுச்சிதைவில் அது மீறப்படுவது தெரிந்தது. இயற்பியலாளர்கள் அதிர்ந்துபோனார்கள். ஆனால் அற்புதம் என்று யாரும் தேங்காய் உடைக்கவில்லை. விதியைத் திருத்தினார்கள், அவ்வளவுதான்.

வெறும் மீறல் போதாது, கடவுளின் விருப்பத்தாலோ கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தியாலோ நடந்த மீறல் என்று ஹ்யூமே ஓர் அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்கிறார். இப்போது ஒரு வட்டம் உருவாகிறது. இயற்கைக்கு அப்பாற்பட்டது எது? கடவுள் மாதிரி ஒன்று செய்வது. கடவுள் மாதிரி ஒன்று என்றால்? இயற்கைக்கு அப்பாற்பட்டது. கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம்.

இரண்டாவது, இயற்பியலின் பட்டியலில் இல்லாதது. இதற்கு ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். நியூட்டன் 1687இல் ஈர்ப்பு விசையை எழுதிவைத்தார். சூரியன் பூமியைத் தொடாமலே இழுக்கிறது. நடுவில் கயிறும் இல்லை, தள்ளுகிற பொருளும் இல்லை. லைப்னிட்ஸுக்கு இது பொறுக்கவில்லை. நியூட்டனின் நண்பர் சாமுவேல் கிளார்க்குடன் 1715-16இல் நடத்திய கடிதப் போரில், நடுவே எதுவும் இல்லாமல் ஒரு பொருள் இன்னொன்றைச் சுற்றிவர வேண்டுமென்றால் அதற்கு ஓயாத அற்புதம் தேவைப்படும் என்று வாதிட்டார். அதாவது, அன்றைக்கு ஐரோப்பாவின் மிகப்பெரிய மூளைகளில் ஒருவருக்கு, நமக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடமாக வரும் சமாச்சாரம் இயற்கைக்கு அப்பாற்பட்டது! கிளார்க்கின் பதில் இன்னும் சுவாரசியம். கடவுளின் பார்வையில் இயற்கை, அதற்கு அப்பால் என்ற பிரிவே இல்லை, வழக்கமாக நடப்பது, அபூர்வமாக நடப்பது என்று நாம் பிரித்துக்கொள்வதுதான் என்றார்.

இருபதாம் நூற்றாண்டில் கார்ல் ஹெம்பல் இதே சிக்கலை இன்னும் கூர்மையாக்கினார். இயற்கை என்றால் இயற்பியல் சொல்வது என்கிறீர்களே, எந்த இயற்பியல்? இன்றைக்கு இருப்பது என்றால், அது முழுமையானது அல்ல என்று இயற்பியலாளர்களே ஒத்துக்கொள்கிறார்கள். என்றோ ஒருநாள் முழுமை அடையப்போகும் இயற்பியல் என்றால், அதில் என்னவெல்லாம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆவிகள் நிஜமாகவே இருந்து, அந்த முழுமையான இயற்பியலில் ஆவிகளுக்கும் ஒரு சமன்பாடு இருந்தால்? அப்போது ‘எல்லாமே இயற்கைதான்’ என்ற வாக்கியம் எதையுமே மறுக்காது. எதையும் மறுக்காத கொள்கைக்காக எதற்கு இவ்வளவு சண்டை?

மூன்றாவது, மனம்தான் அடிப்படை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கேரியர் 2007இல் இதை விளக்கி எழுதினார். மனம் சம்பந்தப்பட்ட எல்லாமே கடைசியில் மனம் இல்லாத பொருள்களால் ஆனது என்றால் அது இயற்கை. வேறு எதனாலும் ஆகாத மனம், அதாவது தானே அடிப்படையாக இருக்கும் எண்ணமோ விருப்பமோ இருந்தால் அது இயற்கைக்கு அப்பாற்பட்டது. என் வழியில் ஓர் உதாரணம்: ‘திற’ என்று சொன்னதும் ஒரு பூட்டு திறக்கிறது. உள்ளே மைக்கும் சில்லும் இருந்தால் அது இயற்கை. உள்ளே ஒன்றுமே இல்லை, சொல்லின் அர்த்தமே நேரடியாகப் பூட்டைத் திறக்கிறது என்றால் அது மந்திரம். பேய், சாபம், ஆசீர்வாதம், கடவுள் என்று நாம் வழக்கமாக இந்தப் பட்டியலில் வைக்கும் எல்லாவற்றையும் இது அழகாகப் பிடிக்கிறது. இதன்படி பார்த்தால் சோதனைக்கும் தடை இல்லை. பூட்டைப் பிரித்துப் பார்க்கலாம்.

பிறகு ஏன் இதுவும் போதவில்லை? இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுகிறேன். ஒருவர் டேவிட் சால்மர்ஸ். உணர்வை வேறெதாகவும் பிரித்துக் காட்ட முடியாது, மின்னூட்டம் மாதிரி அதுவும் உலகின் அடிப்படைகளில் ஒன்று என்று 1996இல் வெளிவந்த புத்தகத்தில் வாதிடுகிறார். அதற்கும் விதிகள் உண்டு என்கிறார். தன் கொள்கைக்கு அவர் வைத்த பெயரே ‘இயற்கைவாத இருமை’. கேரியரின் அளவுகோலில் இவர் வேலிக்கு அந்தப் பக்கம். அவரோ தான் இந்தப் பக்கம்தான் நிற்பதாகச் சொல்கிறார்.

இன்னொரு சாட்சி சாங்கியம். அதில் புத்தி, அகங்காரம், மனம் எல்லாமே பிரகிருதியிலிருந்து வருபவை, தம்மளவில் உணர்வற்றவை. நினைப்பது, முடிவெடுப்பது, ‘நான்’ என்பது எல்லாம் இயற்கையின் வேலை. தேவர்களும் இந்தப் படைப்புக்குள்ளேதான் ஒரு வகை. பிரகிருதிக்கு வெளியே இருப்பது புருஷன் மட்டும், அதாவது எதையும் செய்யாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் உணர்வு. இந்தக் கணக்குப்படி இந்திரன் இயற்கைக்குள் வந்துவிடுகிறான். இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் உணர்வு இயற்கைக்கு வெளியே போய்விடுகிறது! வேலியைத் தலைகீழாக நட்டமாதிரி இருக்கிறது. சாங்கியம் சரியா தப்பா என்பது இங்கே கேள்வி இல்லை. தெளிவாக யோசித்த ஒரு மரபு, உலகத்தை இரண்டாகப் பிரிக்கும்போது நாம் எதிர்பார்க்காத இடத்தில் பிரித்திருக்கிறது. ஆகவே அந்தக் கோடு இயல்பாகவே எல்லாருக்கும் தெரியும் கோடு கிடையாது.

சொற்கள் வெட்டும் இடம்

இதைப் படிக்கும்போதுதான் தமிழில் இந்தச் சொற்கள் எப்படி இருக்கின்றன என்று யோசித்தேன். இயற்கைக்கு எதிர்ச்சொல் கேட்டால் பள்ளிக்கூடப் பையன் யோசிக்காமல் ‘செயற்கை’ என்பான். தானாக இயல்வது ஒன்று, செய்யப்பட்டது இன்னொன்று. ‘இயற்கைக்கு அப்பாற்பட்டது’ என்பது பாட்டி வாயில் வரும் சொல் இல்லை. எழுத்தில், மொழிபெயர்ப்பு வாடையோடு வருவது. வழக்கில் இருப்பது ‘அமானுஷ்யம்’. அதற்கு நேர்ப்பொருள் மனிதத்தன்மை அல்லாதது என்பது. இயற்கை என்ற பேச்சே அதில் கிடையாது.

ஊர்க் கதைகளில் பேய்க்கு இருப்பிடம் உண்டு, நேரம் உண்டு, பிடித்த சாப்பாடு உண்டு, இரும்பையும் வேப்பிலையையும் கண்டால் பயம் உண்டு. பாம்பு எப்படி ஒரு ஜீவனோ அப்படித்தான் அதுவும். உலகத்தின் விதிகளை மீறிய ஒன்று என்று கதை சொல்பவர் யாரும் நினைப்பதில்லை. எமில் துர்கைம் 1912இல் எழுதிய நூலில் இதைத்தான் பொதுவாகச் சொன்னார். இயற்கைக்கு ஒரு மாறாத ஒழுங்கு உண்டு என்ற எண்ணம் முதலில் வந்தால்தான் ‘அதற்கு அப்பால்’ என்ற எண்ணமே வர முடியும். அது பிற்காலத்துச் சரக்கு, அதை வைத்து மதத்தை வரையறுக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

வைசேஷிகத்தில் ‘அதிருஷ்டம்’ என்று ஒரு சொல் வருகிறது. லாட்டரி அதிர்ஷ்டம் இல்லீங்க, ‘காணப்படாதது’ என்ற நேர்ப்பொருளில். ஊசி காந்தக்கல்லை நோக்கி நகர்வதற்கும், நெருப்பு மேல்நோக்கி எரிவதற்கும், மரத்துக்குள் நீர் ஏறுவதற்கும் அதுவே காரணம் என்று அந்தச் சூத்திரங்கள் சொல்கின்றன. செத்த பிறகு வேறு உடலுக்குப் போவதற்கும் அதே அதிருஷ்டம்தான் காரணம். காந்தத்தையும் மறுபிறவியையும் ஒரே அலமாரியில் வைத்தவர்களிடம் போய், இதில் எது இயற்கை, எது அப்பாற்பட்டது என்று கேட்டால் கேள்வியே புரிந்திருக்காது.

அந்தச் சொல்லுக்குச் சொந்த வீடே இல்லையா? இருக்கிறது. லத்தீன் இறையியலில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் காலத்தில்தான் அது நன்றாகப் புழக்கத்துக்கு வந்தது. ஒரு படைப்பு தன் இயல்பான ஆற்றலால் எட்ட முடியாததைக் கடவுளின் அருளால் எட்டினால், அது அந்தப் படைப்பின் இயல்புக்கு மேலானது. மனித அறிவு கடவுளை நேரில் காண்பது அதற்கு முக்கிய உதாரணம். இங்கே ‘எதன் இயல்புக்கு மேலே?’ என்ற கேள்விக்கு எப்போதும் பதில் உண்டு. ‘உயரம்’ என்ற சொல்லை ‘எதிலிருந்து?’ என்று கேட்டால் அளக்க முடிகிற மாதிரி. பிற்காலத்தில் அதே சொல்லை எடுத்து, மொத்த உலகத்துக்கும் நடுவில் ஒரே கோடாக இழுத்துவிட்டோம். அங்கேதான் அது பிய்ந்துபோகிறது.

ஜெபத்தை அளந்தவர்கள்

‘அறிவியலால் தொடவே முடியாது’ என்பதற்கு நேர் எதிரான ஒன்று நிஜத்தில் நடந்திருக்கிறது. ஹெர்பர்ட் பென்சன் தலைமையிலான குழு ஒன்று அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்காக ஜெபம் செய்யப்பட்டது, இன்னொன்றுக்கு இல்லை. தங்களுக்காக ஜெபம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மட்டும் இந்த இரண்டு குழுவினரிடமும் சொல்லப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு ஜெபம் நடந்தது, நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்தும் இருந்தது. முடிவு 2006இல் வெளியானது. முப்பது நாளுக்குள் சிக்கல் வந்தவர்கள், ஜெபம் பெற்ற முதல் குழுவில் 52 சதவீதம், ஜெபம் பெறாத குழுவில் 51 சதவீதம். தெரிந்தே ஜெபம் பெற்றவர்களில் 59 சதவீதம்!

கடவுள் இல்லை என்று இது நிரூபித்துவிட்டதா? இல்லை. கடவுளைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது, அவர் புள்ளிவிவரத்துக்கு ஆடமாட்டார் என்று ஒரு பக்தர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் தன் கூற்றை மாற்றிக்கொண்டுவிட்டார். ‘முகம் தெரியாதவர்கள் ஜெபித்தால் நோயாளிகளின் சிக்கல்கள் குறையும்’ என்பது ஒரு கூற்று. ‘ஜெபத்தைக் கடவுள் கேட்கிறார், என்ன செய்வார் என்பது அவர் சித்தம்’ என்பது வேறு கூற்று. முதலாவது சோதனைக்கு வந்தது, அந்தச் சோதனையில் தேறவில்லை. இரண்டாவது சோதனைக்கு வரவே இல்லை. இரண்டிலும் கடவுள் இருக்கிறார். வித்தியாசம் எதையாவது விலக்குகிறதா என்பதில்தான். ‘இயற்கை’, ‘அப்பாற்பட்டது’ என்ற சொற்கள் இங்கே எந்த வேலையும் செய்யவில்லை.

வேலிக்கு ஆதரவாக

டோவர் தீர்ப்பே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீதிபதி முன்னால் இருந்த முக்கியமான கேள்வி, அரசுப் பள்ளி மதத்தைப் புகுத்துகிறதா என்பது. அதற்குப் பதில் ஆவணங்களிலேயே இருந்தது. பள்ளியில் வைக்கப்பட்ட புத்தகத்தின் பழைய வரைவுகளை பார்பரா ஃபாரஸ்ட் என்ற தத்துவப் பேராசிரியர் நீதிமன்றத்தில் காட்டினார். படைப்புவாதத்துக்கு எதிராக 1987இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, ‘படைப்புவாதிகள்’ என்ற சொல் இருந்த இடங்களில் ‘வடிவமைப்பு ஆதரவாளர்கள்’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். ஓர் இடத்தில் பழைய சொல் சரியாக அழியாமல், இரண்டு சொல்லும் ஒட்டிப்பிறந்த மாதிரி கிடந்தது. இதற்கு மேல் தத்துவ வரையறை எதற்கு?

வேலிக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. கென்னத் மில்லர் கத்தோலிக்கர். அவரும் நாத்திக விஞ்ஞானியும் ஒரே ஆய்வகத்தில் சண்டையில்லாமல் வேலை பார்க்க அது உதவுகிறது. கடவுளை இழுத்துக்கொண்டு வந்து ஆய்வை முடிக்காதே, காரணத்தைத் தேடு என்ற ஒழுக்கம் நல்ல ஒழுக்கம். என் புகார் அந்த ஒழுக்கத்தின் மேல் இல்லை. அனுபவத்தில் கற்ற ஒரு பழக்கத்தை எல்லைக்கல் மாதிரி நட்டு, ‘அந்தப் பக்கம் நடப்பதைக் கேட்கவே கூடாது’ என்று எழுதினேன் பாருங்கள், புகார் அதன் மேல்தான். மரியாதை என்று நினைத்து எழுதினேன். கடைசியில் அந்த மறைவில் போய் நின்றுகொண்டது யாருடைய பக்தியும் இல்லை. ‘இருபத்தொரு நாளில் ஆறும்’ என்ற வாக்குறுதி.

பெரியப்பா

பதினாறாம் நாள் காய்ச்சல் வந்ததும் பெரியம்மா யாரையும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கால் தப்பியது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போயின. முதலிலிருந்தே கட்டுப் போட்டிருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு மருத்துவம் தெரியாது. என் வரி இல்லாவிட்டாலும் அவர் அந்த ஆளிடம் போயிருப்பார் என்பதும் தெரியும். ஆனால் அன்றைக்குப் போனில் அவரிடம் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பதிலை ஒரு மாசம் கழித்து, அவர் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். “பெரியப்பா, விபூதிக்குச் சக்தி உண்டா இல்லையான்னு நான் பேச வரலை. அந்த ஆள் இருபத்தொரு நாள்னு சொன்னார் இல்லையா? புண்ணோட அளவை முதல் நாள் குறிச்சு வெச்சு, அஞ்சாவது நாள் பார்த்து, பத்தாவது நாள் பார்த்திருக்கலாம். பெருசாகிட்டே போனா அவர் சொன்னது நடக்கலைன்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க அவர் சக்தி எங்கேயிருந்து வருதுன்னு நமக்குத் தெரிய வேண்டியதில்லை.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா” என்றார்.

இப்போதும் காலையில் விபூதி பூசிக்கொள்கிறார், நெற்றியில். பழைய கட்டுரையில் அந்த வரியை நான் அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, இந்தக் குறிப்புக்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன்.